அடியும் நடுவும் நுனியும்

நுழையும்முன்

அறுவடை என்றதும் நெல்மணி நம் நினைவுக்கு வருகிறது. மணி நீங்கிய பின்னர் வயலில் எஞ்சும் தாளும் வைக்கோலும், கரும்பு வெட்டிய பின்னர்க் கிடக்கும் தோகையும், கதிர் ஒடித்த பின்னர் நிற்கும் சோளத்தட்டையும் யாருக்கு உரியவை? மண்ணுக்கா, மாட்டுக்கா, சந்தைக்கா? இயந்திரங்கள் வயலுக்குள் இறங்கிய பிறகு இவ்வினாவின் விடை மாறிவருகிறது. அம்மாற்றத்தைத் தென்பெண்ணைக் கரையின் வயல்களிலிருந்து பார்க்க முயல்கிறது இப்பாடம்.

ஆற்றங்கரை வயல்கள்

கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணை, கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களைக் கடந்து, 1958 இல் கட்டி முடிக்கப்பட்ட சாத்தனூர் அணையில் தேங்கி, அங்கிருந்து இறங்கித் திருக்கோவிலூரை நோக்கிப் பாய்கிறது. அணைக்கும் திருக்கோவிலூருக்கும் இடையில் ஆற்றங்கரையில் அமைந்த பேரூர் மணலூர்பேட்டை. 2019 இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. தை ஐந்தாம் நாள் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் எழுந்தருளித் தீர்த்தவாரி காணும் ஆற்றுத் திருவிழாவால் இவ்வூர்ப் பெயர் பலருக்கும் அறிமுகமாகியிருக்கும். பெயரிலேயே மணல் இருக்கிறது. ஆற்றில் எவ்வளவு மணல் இருக்கிறது என்பது வேறொரு பாடத்துக்கு உரிய செய்தி.

ஆற்றின் மேற்பகுதியில் மூங்கில்துறைப்பட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருப்பதால் இவ்வட்டாரத்தில் கரும்பு நெடுங்காலப் பயிர். கிணற்றுப் பாசனத்திலும் ஏரிப் பாசனத்திலும் நெல் விளைகிறது. மேற்கே கல்வராயன் மலையை நோக்கிச் செல்லச் செல்ல மக்காச்சோளமும் மரவள்ளியும் மிகுகின்றன. நெல்லுக்குச் சொர்ணவாரி, சம்பா, நவரை என மூன்று பட்டங்கள் உண்டு. ஆற்றுத் திருவிழாவுக்குக் கூட்டம் கூடும் தை மாதத்தில்தான் சம்பா அறுவடையும் நடைபெறும். ஆற்றை நோக்கிச் செல்லும் சாலைகளில் அந்நாள்களில் நெல் மூட்டைகள் ஏற்றிய வண்டிகளும், உருளை உருளையாக வைக்கோல் அடுக்கிய வண்டிகளும் எதிர்ப்படும். இருபது ஆண்டுகளுக்கு முன்னர் அந்த உருளைகளைக் கண்டவர் மிகச் சிலரே.

ஒரு பழமொழியின் கணக்கு

'அடி காட்டுக்கு, நடு மாட்டுக்கு, நுனி வீட்டுக்கு' என்பது நம் உழவர்களின் பழமொழி. இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் மேடைதோறும் இதனை எடுத்துக்காட்டினார். இங்குக் 'காடு' என்பது வனமன்று. பயிர் விளையும் நிலம். ஒரு நெற்பயிரை மூன்று கூறாக்கிக் காட்டுகிறது இப்பழமொழி. அடித்தாள் நிலத்திலேயே மட்கி அதனை வளமாக்கும். நடுவிலுள்ள தண்டு வைக்கோலாகி மாட்டுக்குச் செல்லும். நுனியிலுள்ள கதிர் மட்டும் வீட்டுக்கு வரும். மனிதனின் பங்கு மூன்றில் ஒன்று.

இது அறிவுரை போலத் தோன்றினாலும் உண்மையில் ஒரு வரவுசெலவுக் கணக்கு. ஒரு டன் நெல் விளையும் வயலில் ஏறத்தாழ ஒரு டன் முதல் ஒன்றரை டன் வரை வைக்கோலும் விளைகிறது. அதாவது, பயிர் தன் உழைப்பில் பாதிக்கு மேல் மணியல்லாத பகுதியில் சேர்த்து வைக்கிறது. அந்தப் பாதி மண்ணுக்கும் மாட்டுக்கும் போய், மாட்டிலிருந்து சாணமாகி மீண்டும் மண்ணுக்கு வந்தது. கணக்கு நேராயிற்று.

சொல்லில் வாழும் வைக்கோல்

வைக்கோல் என்பது 'வை' என்னும் பழஞ்சொல்லிலிருந்து வந்தது. கூர்மை என்னும் பொருளும் இச்சொல்லுக்கு உண்டு. தொல்காப்பிய உரியியல் அப்பொருளைக் கூறுகிறது. வைக்கோலை அள்ளியவர் கைகளுக்கு அந்தக் கூர்மை புரியும். கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பெரும்பாணாற்றுப்படை, மருதநிலக் களத்தில் நெற்போர் நிற்கும் காட்சியைத் தருகிறது. சிலந்தி நூல் படர்ந்த போர்களைப் பார்த்த புலவருக்கு, வெள்ளாடை உடுத்துக் கூட்டமாய்த் துணங்கையாடும் பூதங்கள் நினைவுக்கு வருகின்றன. பின்னர்ப் போரைப் பிரித்து எருதுகளால் மிதிக்கச் செய்து, வையையும் துரும்பையும் நீக்கிக் காற்றில் தூற்றி, பொன்மலைபோல் நெல் குவிப்பதை அவர் வருணிக்கிறார். அறுவடைக்குப் பிந்திய பணிகளின் வரிசை அப்பாடலில் பிசகாமல் இருக்கிறது.

அவ்வரிசை அண்மைக்காலம் வரை மாறவில்லை. அரிவாளால் அறுத்து அரி அரியாகப் போட்டு, காய்ந்ததும் கட்டுகளாகக் கட்டிக் களத்துக்குச் சுமந்து, கல்லிலோ மரத்திலோ அடித்து, எஞ்சிய மணிக்காக மாடுகளைப் பிணைத்து மிதிக்க விட்டனர். இதனைப் போரடித்தல் என்றும் பிணையடித்தல் என்றும் கூறுவர். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் சூடு மிதித்தல் என்பர். மதுரையில் மாடு போதாமல் யானையைப் பயன்படுத்தினர் என்று ஒரு நாட்டுப்பாடல் பெருமை பேசும். வைக்கோலை முறுக்கித் திரித்த கயிறு பழுதை எனப்பட்டது. பானை உருளாமல் இருக்க வட்டமாகச் செய்தது புரிமணை. அரிதாள், தாளடி, போர், படப்பு, துரும்பு, பதர் எனப் பல சொற்கள் அறுவடையின் எச்சத்தைச் சுற்றியே உருவாகியுள்ளன. ஒரு பொருளை வீணென்று கருதும் சமூகம் அதற்கு இத்தனை பெயர்களை இட்டிருக்காது.

போர் போடுவது ஒரு கலை. அடியில் கல்லோ மரமோ பரப்பிச் சற்றே உயர்த்தி, அடுக்கடுக்காக மிதித்து ஏற்றி, உச்சியைக் கூரைபோல் சரித்து முடிப்பர். நன்கு போட்ட போரின் மேற்புறம் மழையில் கறுத்தாலும் உட்புறம் பொன்னிறம் மாறாமல் இருக்கும். கையால் பிடுங்கும்போது சரியாமல் நிற்பதே அதன் தேர்ச்சிக்கு அடையாளம்.

தெரியுமா?
'போர்' என்னும் சொல்லுக்கு வைக்கோற்குவியல், சண்டை என இருபொருள் உண்டு. கவி காளமேகம் இதனைக் கொண்டு வைக்கோலுக்கும் யானைக்கும் சிலேடையாக ஒரு வெண்பா பாடியுள்ளார்.

கதிர் அறுக்கும் இயந்திரம்

அறுவடை இயந்திரம் அந்த வரிசை முழுவதையும் ஒரே வண்டிக்குள் அடக்கிவிட்டது. முன்னால் உள்ள வெட்டும் கத்தி பயிரை அறுக்கிறது. உள்ளிருக்கும் உருளை கதிரை அடித்து மணியைப் பிரிக்கிறது. சல்லடையும் காற்றாடியும் பதரை நீக்குகின்றன. நெல் தொட்டியில் சேர, வைக்கோல் பின்புறமாக வயலில் விழுகிறது. பத்துப் பதினைந்து பேர் ஒரு நாளெல்லாம் செய்த வேலை ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடிகிறது. ஈர வயலில் இறங்குவதற்குச் சங்கிலிப் பட்டை பூட்டிய வண்டியும், காய்ந்த வயலுக்கு டயர் வண்டியும் வருகின்றன.

மணியைப் பொறுத்தவரை இது பெரும் விடுதலை. ஆள் கிடைக்காமல் முற்றிய கதிர் கொட்டுவதையும், திடீர் மழையில் அரி நனைந்து முளைப்பதையும் கண்டு கலங்கியவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால், இயந்திரம் நெல்லை மட்டுமே மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டது. வைக்கோல் அதற்கு வெளியே தள்ள வேண்டிய பொருள். உருளையில் அடிபட்டு நசுங்கித் துண்டுபட்ட வைக்கோல், பழுதை திரிக்கவோ கூரை வேயவோ உதவாது. அது வயல் முழுவதும் சிதறிக் கிடக்கிறது. அடியில் முழங்காலளவு தாள் நிற்கிறது. சிதறியதைக் கையால் வாரிக் கட்டுவதற்கு ஆகும் கூலி வைக்கோலின் விலையைத் தாண்டிவிடுகிறது. அடுத்த பட்டத்துக்கு உழவு ஓட்ட வேண்டும். டிராக்டரின் கலப்பையில் வைக்கோல் சிக்குகிறது. வைக்கோலைப் போற்றிய மண்ணிலும் தீக்குச்சியை நாடும் பழக்கம் அங்கங்கே தலைகாட்டியது இப்படித்தான்.

உருளைக் கட்டு

இந்த இடைவெளியை நிரப்ப வந்ததே வைக்கோல் கட்டும் இயந்திரம். உழவர்கள் இதனைப் பேலர் என்றே வழங்குகின்றனர். இதற்குத் தனி எஞ்சின் இல்லை. டிராக்டரின் பின்னால் பூட்டப்பட்டு, பி.டி.ஓ. என்று சொல்லப்படும் பின்புறச் சுழல்தண்டிலிருந்து ஆற்றல் பெறுகிறது. முன்பகுதியில் சுழலும் வளைந்த கம்பி விரல்கள் தரையில் கிடக்கும் வைக்கோலை வாரி அறைக்குள் தள்ளுகின்றன. அறையைச் சுற்றிலும் உள்ள உருளைகள் ஒரே திசையில் சுழல்வதால், உள்ளே வந்த வைக்கோல் பாய் சுருட்டுவதுபோல் சுருண்டு இறுகுகிறது. அறை நிரம்பியதும் சணல் நூலோ நெகிழிக் கயிறோ கட்டைச் சுற்றுகிறது. பின்கதவு திறக்க, உருளை தரையில் விழுகிறது. ஏறத்தாழ இரண்டு அடி விட்டமும் மூன்று அடி நீளமும் கொண்ட சிறு கட்டு 15 முதல் 25 கிலோ வரை எடை இருக்கும். ஒருவர் தனியாகத் தூக்கி வண்டியில் ஏற்றிவிடலாம்.

ஒரு கறவை மாட்டுக்கு நாளொன்றுக்கு ஐந்து அல்லது ஆறு கிலோ வைக்கோல் போட்டால், இருபது கிலோ கட்டு மூன்று நாளைக்குச் சற்று மேல் வரும். கோடையின் நூறு நாள்களுக்கு முப்பது கட்டு வேண்டும். போர் போட்ட காலத்தில் கண்ணளவாக இருந்த இக்கணக்கை இப்போது எண்ணிச் சொல்ல முடிகிறது. சிறிய இடத்தில் அடுக்கலாம். மழையிலிருந்து காப்பதும் எளிது. வைக்கோல் எண்ணிக்கைக்கு வந்ததும் விலைக்கும் வந்தது. விலைக்கு வந்ததும் ஊர் எல்லையைத் தாண்டியது. தமிழகத்து வைக்கோல் கேரளம் வரை லாரியேறிச் செல்கிறது.

இயந்திரத்துக்கும் ஒரு பகை உண்டு; அது ஈரம். ஈரமாகச் சுருட்டிய கட்டு உள்ளுக்குள் வெப்பமேறிப் பூஞ்சணம் பிடிக்கும். அதனை உண்ணும் மாடு நோய்வாய்ப்படும். மிகுதியாகச் சூடேறினால் தானே தீப்பற்றுவதும் உண்டு. எனவே, இரண்டொரு நாள் வெயிலில் காய்ந்த பின்னரே கட்ட வேண்டும். கோடையில் அறுவடையாகும் நவரைக்கு இது இடரில்லை. வடகிழக்குப் பருவமழையின் வாலில் சிக்கும் சம்பாவுக்குத்தான் இடர். சங்கிலி வண்டி சேற்றிலும் நெல்லை அறுத்துக் கொடுத்துவிடும். டிராக்டரும் பேலரும் அச்சேற்றில் இறங்க இயலாது, வைக்கோல் அழுகிப்போகும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணையிலிருந்து பெருவெள்ளம் திறந்துவிடப்பட்டுத் தென்பெண்ணைக் கரை வயல்கள் மூழ்கியபோது நெல்லின் இழப்பு செய்தியானது. மாட்டுத்தீவனத்தின் இழப்பு, அடுத்த கோடையில் மாட்டை விற்க வேண்டிவந்த வீட்டுக்குத்தான் தெரியும்.

கட்டுடன் போவது எது?

ஒரு டன் நெல் வைக்கோலில் ஏறத்தாழ ஐந்தரை கிலோ தழைச்சத்தும், இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் மணிச்சத்தும், 25 கிலோ சாம்பல்சத்தும் உள்ளன. தீ வைத்தால் கரிமமும் தழைச்சத்தும் புகையோடு போய்விடுகின்றன. சாம்பல்சத்து பெரும்பாலும் சாம்பலிலேயே தங்கினாலும் காற்றும் மழையும் அதில் பங்கு கேட்கின்றன. மண்ணின் மேற்பரப்பில் வாழும் நுண்ணுயிர்கள் வெந்து மடிகின்றன. புகையில் கலந்துள்ள நுண்துகள்கள் நுரையீரலுக்குள் செல்கின்றன. ஆகவே, எரிப்பது தவறு என்பதில் கருத்து வேறுபாடு இருக்க முடியாது.

எரிக்காமல் கட்டி விற்றுவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? இங்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஏக்கரிலிருந்து இருபது கிலோ எடையுள்ள முப்பது கட்டுகள் வெளியேறினால் அது 600 கிலோ வைக்கோல். அதனுடன் 15 கிலோ சாம்பல்சத்து வயலை விட்டுப் போகிறது. மியூரேட் ஆஃப் பொட்டாஷ் உரத்தில் சாம்பல்சத்து நூற்றுக்கு அறுபது பங்கு. எனவே, இழந்ததை ஈடுசெய்ய 25 கிலோ, அதாவது ஐம்பது கிலோ மூட்டையில் பாதி, வேண்டும். அந்த உரமோ பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிறது. வைக்கோல் உள்ளூர் மாட்டுக்குப் போனால் சாணமாகத் திரும்பி வரும். வேறு மாநிலத்து மாட்டுக்குப் போனால் சாணம் அந்த மாநிலத்துத் தோட்டத்துக்கே சேரும். வைக்கோல் விற்ற பணத்தை எண்ணும் உழவர், இந்த அரை மூட்டையையும் கழித்து எண்ணுவதே முறை.

இனி, வைக்கோல் முழுவதையும் நிலத்திலேயே மடக்கி உழுதுவிட்டால் என்ன என்று கேட்கலாம். அதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. வைக்கோலில் கரிமம் மிகுதி, தழைச்சத்து குறைவு. அதனை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தம் வளர்ச்சிக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. அச்சமயத்தில் நடவு செய்த நாற்று வெளுத்து நிற்கும். உழுத பின் இரண்டு மூன்று வாரம் பொறுக்க வேண்டும். அல்லது தழைச்சத்தைச் சற்றுக் கூட்டித் தர வேண்டும். ஜப்பானிய வேளாண் சிந்தனையாளர் மசனோபு ஃபுகோகா தம் 'ஒற்றை வைக்கோல் புரட்சி' நூலில், வைக்கோலை வெட்டாமல் வயலின் மேலேயே பரப்பும் முறையை வலியுறுத்தினார். நம் உழவர்கள் இதனை மூடாக்கு என்பர்.

கரும்புத் தோகை

மூடாக்கின் பயனைக் கரும்பில் தெளிவாகக் காணலாம். வெட்டு முடிந்த வயலில் தோகை கணுக்கால் புதையக் கிடக்கும். கட்டைப் பயிருக்கு வயலைச் சீராக்க எளிய வழி என்று பலர் கொளுத்திவிடுகின்றனர். அவ்வாறு செய்யாமல் பார்களுக்கு இடையில் பரப்பினால் களை அடங்குகிறது. பாசன நீரின் ஈரம் நெடுநாள் நிற்கிறது. நடவுப் பயிரில் இளங்குருத்துப் புழுவின் தாக்குதலும் குறைகிறது. டிராக்டரில் பூட்டும் தோகை துகளாக்கும் கருவி அதனைச் சிறு துண்டுகளாக நறுக்கி அங்கேயே தூவிவிடும். மக்காச்சோளத் தட்டைக்கும் இதே போன்ற கருவிகள் உள்ளன. வைக்கோல்போல் விலைக்குப் போகாததாலோ என்னவோ, தோகைக்கு இன்னும் உரிய மதிப்புக் கிட்டவில்லை.

வடக்கே நடந்தது

பஞ்சாபிலும் அரியானாவிலும் கோதுமை வைக்கோல்தான் மாட்டுக்கு உணவு. நெல் வைக்கோலை அங்குப் பெரிதும் போடுவதில்லை. நிலத்தடி நீரைக் காக்க 2009 இல் பஞ்சாப் அரசு நெல் நடவைத் தள்ளிவைக்கும் சட்டம் இயற்றியது. அறுவடையும் தள்ளிப்போயிற்று. நெல் அறுப்புக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே இரண்டு மூன்று வாரமே கிடைத்தது. நீரைக் காத்த சட்டம் காற்றுக்குச் சுமையானது. 2018 முதல் ஒன்றிய அரசு அம்மாநிலங்களில் எச்ச மேலாண்மைக் கருவிகளுக்கு மானியம் தருகிறது. நிற்கும் தாளுக்கு நடுவே உழாமலேயே கோதுமையை விதைக்கும் 'ஹேப்பி சீடர்' அவற்றுள் ஒன்று. நமக்கு அந்த நெருக்கடி இல்லை. மாட்டுத்தொழுவம் இருக்கும்வரை நம் வைக்கோலுக்குத் தேவை இருக்கும். ஆனால், வைக்கோலை எரிக்கச் செய்த காரணங்கள், அதாவது ஆள் பற்றாக்குறையும் அடுத்த பயிருக்கான அவசரமும், இங்கும் வளர்ந்துவருகின்றன.

வெட்டு உயரம்

வைக்கோல் கூலியின் ஒரு பகுதியாகவும் இருந்தது. கதிர் அறுத்தவர்களும் களத்தில் அடித்தவர்களும் நெல்லோடு வைக்கோலையும் சுமந்து சென்றனர். நிலமில்லாதவர் வீட்டில் ஒரு மாடு நின்றது அதனால்தான். அறுவடை முடிந்த வயலில் யாருடைய ஆடுமாடும் தாள் மேயலாம் என்பதும் எழுதாத வழக்கம். உருளைக் கட்டு வந்த பின்னர், அதே வீட்டார் அதே வயலின் வைக்கோலைக் காசு கொடுத்து வாங்குகின்றனர். பால் கூட்டுறவுச் சங்கத்தில் கிடைக்கும் தொகையில் ஒரு பங்கு தீவனத்துக்கே போய்விடுகிறது. இம்மாற்றத்தை எந்தப் புள்ளிவிவரப் பட்டியலும் தனியாகக் காட்டுவதில்லை.

பேலரை ஒவ்வோர் உழவரும் வாங்க இயலாது, வாங்கவும் தேவையில்லை. ஆண்டில் சில வாரங்களே அதற்கு வேலை. வேளாண்மைப் பொறியியல் துறை இயந்திரங்களைக் குறைந்த வாடகைக்கு விடுகிறது; 2018 இல் அறிமுகமான 'உழவன்' செயலியில் வாடகை மையங்களின் விவரங்களைக் காணலாம். சிறு, குறு உழவர்களுக்கும் மகளிருக்கும் இயந்திரம் வாங்க விலையில் பாதி வரை மானியம் உண்டு. உழவர் குழுவாகச் சேர்ந்து ஒரு பேலர் வாங்கும்போது, வைக்கோல் எவ்வளவு ஊருக்குள் நிற்க வேண்டும் என்பதையும் அக்குழுவே முடிவு செய்யலாம்.

வாங்கிய வைக்கோலின் தரத்தைக் கூட்டவும் வழியுண்டு. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை நீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடி வைத்தால் அதன் செரிமானமும் புரதமும் உயர்கின்றன. எஞ்சியதில் சிப்பிக்காளான் வளர்க்கலாம். காளான் அறுத்த பின் மிஞ்சும் படுகை எருவாகும்.

இவற்றுக்கெல்லாம் முன்பாக ஒரு முடிவு வயலிலேயே நிகழ்ந்துவிடுகிறது. அறுவடை இயந்திரத்தின் கத்தியை எவ்வளவு உயரத்தில் நிறுத்துவது? உயர்த்தி வெட்டினால் வண்டி விரைவாக ஓடும், டீசல் மிச்சம். தாள் உயரமாக நிற்கும், வைக்கோல் குறையும். தாழ்த்தி வெட்டினால் வைக்கோல் கூடும். வண்டிக்குச் சுமை, வாடகை நேரமும் கூடும். அடி எவ்வளவு, நடு எவ்வளவு என்று பழமொழி வகுத்த எல்லை இன்று ஓட்டுநரின் கைப்பிடியில் இருக்கிறது. அவர் பெரும்பாலும் வெளியூர்க்காரர். அடுத்த வயலுக்குப் போகும் அவசரம் அவருக்கு. நிலத்துக்குரியவர் வரப்பில் நின்று, "இன்னும் ஒரு சாண் இறக்கி வெட்டுங்கள் தம்பி" என்று உரக்கச் சொல்கிறார். இயந்திரத்தின் இரைச்சலில் அது அவர் காதில் விழுந்தால், அந்தக் கோடைக்கு மாட்டுக்கு நாலைந்து கட்டு கூடுதலாகக் கிடைக்கும்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரில் வைக்கோல், தாள், தோகை, தட்டை ஆகியவற்றைக் குறிக்கும் வட்டாரச் சொற்களை மூத்தோரிடம் கேட்டுத் தொகுக்க. ஒரு வயலில் அறுவடைக்குப் பின் எத்தனை கட்டுகள் கட்டப்பட்டன, அவை எங்கே சென்றன என்பதைக் கேட்டறிந்து, அவற்றுடன் வெளியேறிய சாம்பல்சத்தைப் பாடத்தில் உள்ளவாறு கணக்கிட்டு வகுப்பில் உரையாடுக.